உள்ளே போன பஸ்

"ஒருத்திகூட கேட்டைத் தாண்டக் கூடாது! படுங்கடி ரோட்டுல!"

கத்திக் கத்தி காஜா அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தையல் கம்பெனியில் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாம் நாள். இருபது வருஷமாகச் சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, எடுப்பவள், இப்போது சங்கத்தின் செயலாளர்.

கம்பெனி பஸ் நிற்கவில்லை. போலீஸ் கூட்டத்தை விலக்க, கம்பெனி ஹாஸ்டலிலிருந்து அதில் வந்த எண்பது வெளிநாட்டுப் பெண்கள் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார்கள்.

"துரோகிங்க!"

பாஷை புரிந்திருக்காது. முகம் புரிந்திருக்கும்.

"எல்லாம் போச்சும்மா," என்றார் கட்டிங் மாஸ்டர். "ஆர்டர் இன்னைக்கே கப்பல் ஏறிடும். அப்புறம் நம்மள யாரு சீந்துவா?"

"நம்ம வயித்துல அடிக்கத்தானே கடல் தாண்டி வந்தாளுங்க!"

எட்டரைக்குச் சங்கு ஊதியது. மெஷின்கள் ஓடினால் தெருமுனை வரை கேட்கும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எதுவும் கேட்கவில்லை.

ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை. அக்கா கேட்டுக்கும் போராட்டப் பந்தலுக்குமாக நடந்தாள்.

"கரண்டு இல்லையோ?"

"ஆபீஸ்ல லைட் எரியுதே மாஸ்டர்!"

பத்து மணிக்கு மேனேஜரின் கத்தல் கேட்டது. வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மெஷின் முன்னாடி கையைக் கட்டிட்டு உக்காந்துட்டாங்கம்மா! ஒருத்திகூட ஊசியில நூல் கோக்கல. எல்லாரையும் ஊருக்கே அனுப்பிடுவேன்னு மேனேஜர் குதிக்கிறாரு."

அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் எண்பது பேரையும் வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார்கள். முன்னால் வந்தவளின் கையில் சங்கத்தின் நோட்டீஸ்.

அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அவள் தன் போனை அக்காவின் வாயருகே நீட்டி மறுபடி கேட்கச் சொன்னாள். பிறகு தன் பாஷையில் ஏதோ பேசினாள். போன் அதைத் தமிழில் சொன்னது:

"மூன்று நாளாக விடுதியைப் பூட்டி வைத்திருந்தார்கள், சொல்ல வர முடியவில்லை. கம்பெனிக்கு உள்ளே வந்தால்தான் நாங்களும் வேலையை நிறுத்த முடியும். உங்கள் நோட்டீஸை இந்தப் போனில் மொழிபெயர்த்துத்தான் படித்தோம்."

அக்கா அவள் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். "முழுசாவா படிச்சீங்க?"

அதில் மொத்தம் ஐந்து கோரிக்கைகள்; முதல் நான்கும் கூலியும் வேலை நேரமும் பற்றியவை. ஐந்தாவதை அக்காவே எழுதிச் சேர்த்திருந்தாள்: 'வெளிநாட்டுப் பெண்களை உடனே திருப்பி அனுப்பு!'

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மெல்லப் பேசினாள். போன் சொன்னது:

"முதல் நான்கும் எங்களுக்கும் வேண்டும். ஐந்தாவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அக்கா."