அக்கரையில் நின்ற லாரி

கொட்டகைக்குள் கால் வைத்ததும் கோழிகள் மங்கையின் பாதத்தைக் கொத்தின.

வெறுங்கையோடுதான் வந்திருந்தாள். அது அவற்றுக்குத் தெரியவில்லை.

மூவாயிரம் கோழிகள். தீவனத் தட்டுகள் நேற்றே காலி. வீட்டிலிருந்த அரிசி முழுவதையும் காலையில் இறைத்துவிட்டாள். வாசல் பக்கம் நின்றவற்றுக்கே அது போதவில்லை. இப்போது ஒன்றின் வாலை ஒன்று கொத்தத் தொடங்கியிருந்தன. மூலையில் ஒரு கோழி ரத்தத்தோடு ஒடுங்கி நின்றது.

மழை விட்டிருந்தது.

புயல் வருகிறது என்றதும் அவள் எல்லாம் செய்தாள். பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டினாள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கினாள். ஈரம் ஏறாமல் தரையில் சுண்ணாம்பு தூவினாள். கம்பெனிக்குப் போன் செய்து, கூடுதலாக ஒரு லோடு தீவனம் முன்னாலேயே கேட்டாள்.

"திங்கக்கெழமதான்க்கா லோடு. ஒங்க ஒருத்தருக்காக மாத்த முடியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

குஞ்சு கம்பெனியுடையது. தீவனமும் கம்பெனியுடையது. கொட்டகை மட்டும் அவளுடையது.

திங்கட்கிழமை லோடு வந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் வரை.

தரைப்பாலம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. கொட்டகை வாசலில் நின்றாலே லாரி தெரிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே மூட்டைகள் தெரிந்தன. லாரிக்கு வழிகாட்டப் போன அவள் கணவன் கலியபெருமாளும் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

அவன் இப்போது கரையில் நின்றான். இடுப்பில் கயிறு. தலையில் ஒரு மூட்டை.

அவள் போன் போட்டாள்.

"எறங்காதீங்க."

"இடுப்பளவுதான் இருக்கும் மங்க. கோழிங்க சாவுதுல்ல?"

"நேத்து எருமையவே இழுத்துட்டுப் போன தண்ணி அது."

"அப்ப என்னாதான் பண்ணச் சொல்ற?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அந்த மூட்டை ஒரு வேளைக்குக்கூடக் காணாது. அவனுக்கும் அது தெரியும்.

அவன் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தான்.

கோழியை வெளியே விடக்கூடாது. கம்பெனி சொன்ன முதல் விதி அதுதான். நோய் ஒட்டும். நாய் தூக்கும். ஒன்று குறைந்தாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கதவை அகலத் திறந்தாள்.

வெளியே ஈரப் புல்லில் ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்தன.

"போங்க. போய்த் தின்னுங்க."

ஒன்றும் போகவில்லை.

வாசல்வரை வந்தன. வெளிச்சத்தைப் பார்த்தன. திரும்பிப் போய்க் காலித் தட்டுகளைக் கொத்தின. குஞ்சாய் வந்து இறங்கிய நாள் முதல் அவை இந்தக் கம்பிவலைக் கொட்டகைக்கு வெளியே மிதித்ததில்லை.

கக்கத்துக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கினாள். புல்லில் கொண்டுபோய் விட்டாள்.

ஒன்று விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மற்றது தன் முன்னால் ஊர்ந்த ஈசலை வெகுநேரம் பார்த்தது.

கொத்தியது.

இன்னொன்றைக் கொத்தியது.

அவள் ஓடினாள். அடுத்த இரண்டு. அதற்கடுத்த இரண்டு.

அக்கரையில் அவன் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னுதுங்க!" என்று கத்தினாள். "தின்னுது! மேல ஏறுங்க!"

தண்ணீர் இரைச்சலில் கேட்டிருக்காது. கையிலிருந்த கோழிகளை அவனுக்குத் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டினாள்.

அவன் நெடுநேரம் அசையவில்லை.

பிறகு பின்னால் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. மூட்டையைக் கரையில் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினாள்.

வயிறு நிரம்பாத கோழி ஒன்று, புல்லை விட்டு, அவள் காலை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

குனிந்து அதை மறுபடியும் தூக்கினாள்.