ஏழு நாற்காலி, எட்டுப் பேர்

“அந்த எட்டாவது ஆள் எந்தக் கம்பெனிக்குத் தாவினாரு, நிஷிவாகி சான்? முப்பது வருஷம் ஆச்சு. இனியும் மறைக்கணுமா?”

பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் சிஹாரு கேட்டாள். நிஷிவாகி காகிதக் கோப்பையில் இருந்த பச்சைத் தேநீரை ஊதினார். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது.

ஒசாகாவின் அந்த வீடியோ கேம் கம்பெனி தன் பழைய கேம் ஒன்றை மறுபடி வெளியிடுகிறது. 1988-இல் அதைச் செய்தது இரண்டாம் பிரிவு. கேம் முடிந்ததும் திரையில் ஓடும் பட்டியலில் அப்போதெல்லாம் சொந்தப் பெயர் போட விடமாட்டார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைத் தூக்கிவிடுவான் என்று பயம். அதனால் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்.

இப்போது உண்மைப் பெயர்களைப் போடப் போகிறார்கள். பெயர் கிடைக்காத வரியை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. ஐந்து மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். அந்தப் பிரிவில் இன்னும் வேலையில் இருப்பவர் நிஷிவாகி ஒருவர்தான்.

“ஈரக்குடைங்கிறது ஒகுமுரா சான். பல்வலி நீங்க.”

“ஆறு மாசம் பல்வலியோடயே புரோகிராம் எழுதினேன். டாக்டர்கிட்ட போக நேரமில்ல. கேம் வெளிய வந்த அன்னிக்குப் பல்லும் வெளிய வந்துருச்சு.”

சிஹாரு சிரித்தாள். “சரி, எட்டாவது. ஆறின சோறு. அது யாரு?”

அவள் பழைய இருக்கை வரைபடங்களை மேசையில் பரப்பினாள். 1988, இரண்டாம் பிரிவு, ஏழு நாற்காலி. 1994, முதல் பிரிவோடு இணைப்பு, நாற்பது நாற்காலி. 2005-இல் பிரிவின் பெயரே இல்லை. தயாரிப்புத் தலைமையகம், முந்நூறு நாற்காலி. இன்று யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது. காலையில் எது காலியோ அதில் உட்கார வேண்டியதுதான்.

“ஏழு நாற்காலிதான் இருக்கு. பேர் எட்டு இருக்கே?”

“அவங்களுக்கு நாங்க நாற்காலி போடல.”

“என்ன வேலை பாத்தாங்க?”

“காத்துக்கிட்டு இருந்தாங்க.”

“ஓ, கேமை ஆடிச் சோதிக்கிற ஆளா? நீங்க முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கணுமா?”

“ஆமா. நான் முடிக்கிற வரைக்கும். சில நாள் நான் முடிக்கவே மாட்டேன்.”

“பாவம். உங்களத் திட்டலையா?”

“திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” கோப்பையை விரலால் உருட்டினார். “பேரு ஒகுமுரா வெச்சது. கிண்டலுக்கு. திரையில வந்ததும் நாங்க ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவங்க சிரிக்கல.”

“எப்பப் போனாங்க?”

“எங்க பிரிவக் கலைச்சு முதல் பிரிவோட சேத்தாங்கல்ல, அன்னிக்கு. எங்களுக்கு வேலையே இல்ல. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினேன். அதுக்குள்ள போயிட்டாங்க.”

“யாரு தூக்கினது? டோக்கியோக்காரங்களா?”

“யாரும் தூக்கல. தானாத்தான் போனாங்க.”

மணி நான்கு ஐம்பது. சிஹாரு பேனாவை அந்த வரியின்மேல் வைத்தாள். “பேர் சொல்லலைன்னா இத அடிச்சிடுவேன். எனக்கு வேற வழியில்ல.”

“அடிக்காதம்மா. அவங்களுக்குன்னு நாங்க குடுத்தது அந்த ஒரு வரிதான்.” வரைபடத்தை மடித்து வைத்தார். “எழுதிக்கோ. கனாயே.”

“கனாயே. குடும்பப் பேரு?”

நிஷிவாகி ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

“அப்ப நிஷிவாகி. இப்ப யாரு பேரோ, தெரியலம்மா.”