இளம்பரிதி பேசுகிறேன்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. போனைக் காதில் அழுத்தியபடி இளம்பரிதி படிகளில் தாவி ஏறினான். யாரை வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவெடுக்கும் மீட்டிங் மேலே தொடங்கிவிட்டது.

“நஸ்ரின், நான் வர்ற வரைக்கும் பேச்சை இழுத்துட்டு இரு.”

“காமெடி பண்ணாதப்பா. ஸ்கிரீன்ல நீதான பேசிட்டிருக்க. நடுநடுல தொண்டையை வேற செருமுற.”

அவன் கால்கள் நின்றன. தினசரி மீட்டிங்குகளில் தனக்குப் பதிலாகத் தலையாட்ட, தன் முகமும் குரலும் கொடுத்து அவன் ரகசியமாகப் பழக்கிய ஏஐ அது. இன்று அவன் அதை இயக்கவே இல்லை.

நஸ்ரினின் போன் வழியே மேனேஜரின் குரல் கேட்டது. “இளம்பரிதி, நீங்க இல்லாம இந்த வேலை நடக்குமா?”

அவனுடைய குரலே நிதானமாகப் பதில் சொன்னது. “தாராளமா நடக்கும் சார். அவர் வந்து உட்கார்றதோட சரி. தீபாவளியிலேர்ந்து வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன்.”