எலியின் துணை

கையெழுத்துக்காக நீட்டிய பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள்.

கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் முதலில் இருந்த தன் பெயரை ஒரே கோடாக அடித்தாள்.

பேராசிரியர் ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவரிடம் ஆய்வு செய்கிற எந்த மாணவியும் இதுவரை இப்படிச் செய்ததில்லை.

கட்டுரை ஐந்து மணிக்குள் பத்திரிகைக்குப் போக வேண்டும். அதில் பெயர் இருந்தால் முனைவர் பட்டம். இல்லாவிட்டால் உதவித்தொகை இந்த மாதத்தோடு நின்றுவிடும். பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கட்டுரை சொல்வது இதுதான். ஓங்கல், அதாவது டால்பின், பாக்டீரியாவை அடையாளம் காணும் திறனை இழந்துவிட்டது. அதன் செல்லில் காவல் நிற்கும் ஏற்பி வெறும் சோளக்கொல்லைப் பொம்மை.

பொம்மையாம்.

கிருமி மண்டிய கடலில் பிறந்து, அதிலேயே குட்டி போட்டு வளர்க்கிற பிராணி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஏற்பிக்குத் தனியாக எதுவும் தெரியாது. பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்பை ஏந்தி அதன் முன் காட்ட ஒரு துணைப்புரதம் வேண்டும். இந்த ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கும் எலியின் துணைப்புரதம்தான். உறைபெட்டியைத் திறந்தால் கைக்கு முதலில் வருவது அந்தக் குப்பி. அவளும் யோசிக்காமல் அதையே சேர்த்திருக்கிறாள், ஒரு தரமல்ல, பதினோரு தரம்.

எலி எங்கே, ஓங்கல் எங்கே.

கரை ஒதுங்கிச் செத்த ஓங்கலின் மண்ணீரலிலிருந்து மரபணுவை எடுத்து, அதன் சொந்தத் துணைப்புரதத்தையே இப்போது தயாரித்துவிட்டாள். காலையில் செல்களில் சேர்த்தும் ஆயிற்று. ஆறு மணிக்கு முடிவு தெரியும்.

ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னாள்.

முதலில் கட்டுரை வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம், ஊர் உலகத்தில் நடக்காததா என்றார் அவர்.

"தப்புப் பண்ணது நான் சார். அத ஓங்கல் தலையில கட்டாதீங்க."

அவர் தன் பெயரை மட்டும் வைத்துக் கட்டுரையை அனுப்பினார். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆறு மணி.

பாக்டீரியாவைக் கண்டுகொண்ட செல் மினுங்கும். எவ்வளவு மினுங்கியது என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும்.

எலியின் துணை சேர்த்த செல் வரிசை எப்போதும் போல் செத்துக் கிடந்தது.

ஓங்கலின் துணை சேர்த்த வரிசையில் எண் ஏறியது. நிற்காமல் ஏறியது.

அவள் அழுதாள். யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அதே பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். இன்று உங்களுக்கு வந்த கட்டுரை தவறானது என்று தொடங்கினாள். எண்களை எல்லாம் இணைத்தாள்.

அந்தத் தவறைச் செய்தவள் நான் என்று முடித்தாள்.

கீழே தன் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக எழுதினாள்.

அனுப்பிய பிறகுதான் பசி தெரிந்தது.