சாயங்காலப் பிரார்த்தனை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சல் தெளிந்து கண் விழித்ததும் இவள் கேட்டது, "அம்மா கூப்பிட்டாங்களா?" என்றுதான்.

வேலைக்காக ஊரைவிட்டு வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா போனில் பிரார்த்தனை சொல்வாள். இவள் வரிவரியாகத் திருப்பிச் சொல்வாள். அம்மாவுக்குப் போன மாதம்தான் நெஞ்சில் ஆபரேஷன். விஷயம் தெரிந்தால் அலறியடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

"கூப்பிடாம இருப்பாங்களா? தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லி, நீ பேசற மாதிரி நானே பேசிட்டேன்," என்றாள் அறைத்தோழி.

"பிரார்த்தனை?"

"அதையும்தான் ஒப்பிச்சேன்."

"சாமின்னாலே காத தூரம் ஓடுவியே?"

"என் தலையெழுத்து. நாலு நாளா கிளிப்பிள்ளை வேலை."

அதற்குள் போன் அடித்தது. இவள் எடுத்து, "அம்மா" என்றாள்.

"உடம்பு தேவலையாடி?" என்றாள் அம்மா. "பெத்தவளுக்குக் குரல் தெரியாதா? முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன். பிரார்த்தனை முடிஞ்சதும் கேட்டுடலாம்னு இருந்தேன். அந்தப் பொண்ணு, நான் போனை வெச்சுட்டேன்னு நினைச்சு, 'சாமி, நீ இருக்கியோ இல்லையோ, இவளை எழுப்பி விட்டுடு'ன்னு அழுதா. அதுக்கப்புறம் எனக்குப் பயமே வரலை. இப்படி ஒருத்தியை உன் பக்கத்துல வெச்சதுக்கு தினமும் நன்றி சொல்லிட்டுத்தான் தூங்கறேன்."

போனை வைத்தபோது இவள் கண்கள் நிறைந்திருந்தன.

"என்னடி, நம்பிட்டாங்களா?" என்று கிசுகிசுத்தாள் தோழி.

இவள் தோழியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"முழுசா நம்பிட்டாங்க."