ஊர் சுற்றும் செருப்பு

மலைப்பாதையில் மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்த அருளப்பனிடம் ஒரு பூட்ஸும் ஒரு ரப்பர் செருப்பும் இருந்தன. மேடு ஏறுவது, பள்ளம் இறங்குவது, சேற்றில் புதைவது எல்லாம் பூட்ஸின் பாடு. செருப்போ முதுகுப்பையில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வரும்.

ஓய்வு நாள் வந்தால் போதும், பூட்ஸை விடுதி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவான்.

"பரோட்டா கடையில என்னா கூட்டம் தெரியுமாண்ணே!" என்று செருப்பு வந்து சொல்லும்போதெல்லாம் பூட்ஸுக்கு வயிறு எரியும்.

'ஒழைக்கிறது நானு, ஊர் சுத்துறது இவனா? இருக்கட்டும். கால் புண்ணாயிட்டா இவன் எங்க போவான்னு பாக்குறேன்.'

மறுநாள் ஏற்றத்தில் பூட்ஸ் வேண்டுமென்றே அருளப்பனின் குதிகாலைக் கடித்தது.

அருளப்பன் உட்கார்ந்து கொப்புளத்தைப் பார்த்தான். பூட்ஸைக் கழற்றிப் பையில் கட்டித் தொங்கவிட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு மேலே நடந்தான்.

கல்லிலும் முள்ளிலும் அடிபட்ட செருப்பு அண்ணாந்து பார்த்து, "குடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க. காத்து நல்லா வருதா?" என்றது.

காற்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் உச்சியில் எதிரே வந்த ஒருவர் குனிந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! இந்தச் செருப்பா உங்கள இவ்வளவு தூரம் கொண்டாந்து சேத்துச்சு?"