அணைத்துவிட்டுக் கேளுங்கள்

ஏற்றம் வந்தாலே அந்த லாரி இழுக்காமல் நின்றுவிடும். டீசலின் அழுத்தத்தை அளக்கும் சென்சார், "அழுத்தம் போதவில்லை, பம்ப்தான் சோம்பேறி" என்று அடித்துச் சொல்லும். லாரியின் கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பிவிடும். முன்பிருந்த பம்ப் இப்படித்தான் காயலான் கடைக்குப் போனது. இப்போது புதுப் பம்ப்பின் முறை.

புதுப் பம்ப் பதறவில்லை. தான் எவ்வளவு தள்ளுகிறோம் என்று அதற்குத் தெரியும்.

"தாராளமாகக் கழற்றுங்கள், ஐயா. அதற்கு முன் இன்ஜினை அணைத்துவிட்டு, சென்சார் அண்ணனிடம் இன்னொரு தடவை கேளுங்கள்" என்று கம்ப்யூட்டரிடம் சொன்னது.

இன்ஜின் அணைந்தது. பம்ப்பும் ஓய்ந்தது. குழாயிலிருந்த டீசல் டாங்குக்கே திரும்பி, அழுத்தமே இல்லாமல் போனது.

"இப்போது அழுத்தம் எவ்வளவு?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"ஏற்றத்தில் சொன்ன அதே அளவுதான். இவன் தள்ளுவது எந்த மூலைக்கு?" என்றது சென்சார்.

"நான் தள்ளுவதை நிறுத்தி எவ்வளவோ நேரமாகிறது, அண்ணே."

சென்சார் கொஞ்சமும் அசரவில்லை. "பார்த்தீர்களா ஐயா, வேலையே செய்யவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான்" என்றது.

கம்ப்யூட்டர் ஸ்பேனரைக் கூப்பிட்டது. ஸ்பேனர் வந்தது. பம்ப்பைத் தாண்டி, சென்சாரிடம் போனது.